சமையலறை வாங்குவதா, வேண்டாமா? ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம்

கரூர்க்காரி | 2025 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூனில் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) வந்தேன். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் சோதனை வேலை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி ஒரு சின்ன ஊர். முதல் மூன்று மாதம் ஒரே அறையில் தனியாக இருந்தேன். அறுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, அக்டோபரில்தான் வீடு கிடைத்தது. 78 சதுர மீட்டர், கால்ட்மீட்ட (வெறும் வாடகை) 980, எல்லாம் சேர்த்து 1,260 யூரோ. மூன்று மாத முன்பணம் 2,940. அதே மாதம் கணவரும் நாலு வயது மகளும் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் சமையலறை கிடையாது. அறை இருக்கிறது. சுவரிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், ஓரத்தில் அடுப்புக்கு ஒரு மின் இணைப்பு, அவ்வளவுதான். முன்பு இருந்தவர் அலமாரி, தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே அதுதான் வழக்கமாம். கடையில் கேட்டதற்குப் பொருத்திக் கொடுப்பது வரை 4,200 யூரோ சொன்னார்கள்.

நாங்கள் வரும்போதே மூன்று வருடம் என்று பேசிவைத்துத்தான் வந்தோம். அப்பாவுக்கு வேலாயுதம்பாளையம் பக்கம் இரண்டரை ஏக்கர். வெற்றிலைக் கொடிக்கால் போட்டுக் கடனாகிவிட்டது. அதை அடைக்கணும், கொஞ்சம் சேர்க்கணும், திரும்பணும். மூன்று வருடத்துக்காக 4,200 யூரோவைச் சுவரில் மாட்டுவதா என்று தள்ளிப்போட்டோம். நாலு மாதமாக மடக்கு மேசையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. பாத்திரம் குளியலறைத் தொட்டியில். குக்கரைச் சாய்த்துத்தான் கழுவ முடியும், குழாய் அவ்வளவு தாழ்வு. ராத்திரி ஒன்பது மணிக்குக் குனிந்து பாத்திரம் கழுவும்போது தினமும் அழுகை வருகிறது. அதை அவரிடம் காட்டுவதில்லை.

ஏனென்றால் அவர் நிலைமை என்னுடையதைவிட மோசம். ஊரில் பொறியியல் கல்லூரியில் 11 வருடம் மெக்கானிக்கல் விரிவுரையாளர். இங்கே டிபெண்டன்ட், என் விசாவைச் சார்ந்து வந்தவர். எங்கள் கட்டிடத்தில் கேர்வோஹ முறை உண்டு. வாரம் ஒரு குடும்பம் படிக்கட்டைச் சுத்தம் செய்யணும், முறை வந்தால் கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போவார்கள். முதல் தடவை அவர் நம் ஊர் மாதிரி மேல்படியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிட்டார். இங்கே தண்ணீர் போக எங்கேயும் துவாரம் கிடையாது. அது மூன்று மாடி இறங்கி நிலவறைக்குள் போய்விட்டது. கீழ்வீட்டு அம்மா ஓடி வந்தார். சத்தம் போடவில்லை. துடைப்பானைக் கையில் எடுத்து, பிழிந்து, ஒவ்வொரு படியாகத் துடைத்துக் காட்டினார். இவருக்கு ஜெர்மன் தெரியாது என்பதால் சைகையில். அன்றைக்கு முழுக்க அவர் பேசவே இல்லை.

என் கேள்வி இரண்டு. சமையலறை வாங்குவதா? மூன்று வருடக் கணக்கு சரிதானா? இப்படி ஒரு காலை ஊரில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


நெக்கார்_கரை | 2025 பிப்ரவரி 10

வணக்கம் தங்கச்சி. நான் 2011இல் வந்தவன். முதல் கேள்விக்கு உடனே பதில்: புதுச் சமையலறை வாங்க வேண்டாம், பழசு வாங்குங்கள். வீடு மாறுகிறவர்கள் தங்கள் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போகத் திணறுவார்கள். அடுத்து வருகிறவர் எடுத்துக்கொண்டால் ஆப்லோஸ என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அவர் வேண்டாம் என்றால் விளம்பரத்தில் போடுவார்கள், நீங்களே கழற்றி எடுத்துப் போகணும். 700 முதல் 1,500 யூரோவுக்குள் அடுப்பு, தொட்டியோடு நல்லதாகவே கிடைக்கும். நீங்கள் போகும்போது அதேபோல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். போட்ட பணத்தில் பாதியாவது திரும்பும்.

கவனிக்க வேண்டியது: முதலில் உங்கள் சுவரை அளந்து, தண்ணீர்க் குழாய் எங்கே, அடுப்பு இணைப்பு எங்கே என்று வரைந்துகொள்ளுங்கள். தொட்டி இடது பக்கம் உள்ள செட்டை வாங்கி, உங்கள் குழாய் வலது பக்கம் இருந்தால் மேல்பலகை முழுக்க வீண். அடுப்பு இணைப்பு 400 வோல்ட், மூன்று ஃபேஸ். அதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரன் அந்த ரசீதைத்தான் கேட்பான்.

காப்பீடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் எடுத்துவிட்டீர்களா? அடுத்தவர் பொருளுக்கு நம்மால் சேதம் வந்தால் கொடுக்கிற காப்பீடு. அந்த வாளித் தண்ணீர் யாராவது வீட்டுக்குள் போய் மரத்தரை வீங்கியிருந்தால் ஆயிரக்கணக்கில் கேட்டிருப்பார்கள். குடும்பத்துக்கே ஒரு வருடத்துக்குச் சில பத்து யூரோதான். இன்றைக்கே எடுங்கள்.

மூன்று வருடக் கணக்குக்கு: ப்ளூ கார்டில் பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27 மாதம். அந்த மாதங்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் போயிருக்கணும், வேலையில் இருப்பதால் அது தானாகப் பிடித்துவிடுவார்கள். 2024 ஜூனிலிருந்து எண்ணினால் உங்களுக்கு 2026 மார்ச் அல்லது செப்டம்பர். திரும்புவதாக இருந்தாலும் அதை வாங்கிவிட்டு யோசியுங்கள். ப்ளூ கார்டில் முதல் வருடத்துக்குள் வேலை மாறினால் அலுவலகத்துக்குச் சொல்லணும், அவர்கள் மறுக்கவும் முடியும். நிரந்தர அனுமதி வந்துவிட்டால் எந்த வேலைக்கும் யாரையும் கேட்க வேண்டாம். இப்போது கார் கம்பெனிகள் இருக்கிற நிலையில் அது பெரிய நிம்மதி.


புதுசா_வந்தவன் | 2025 பிப்ரவரி 10

அக்கா, நான் கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். சமையலறை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரே அடுப்பு. ஆனால் அந்தப் படிக்கட்டு விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் அப்பாவும் ஆசிரியர். சாரிடம் சொல்லுங்கள், நாங்கள் எல்லாரும் முதல் மாதம் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றி மாட்டியவர்கள்தான்.


கோவைக்குத்_திரும்பியவன் | 2025 பிப்ரவரி 11

வணக்கமுங்க. கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க.

நானும் மூன்று வருடம் என்றுதான் போனேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. முதலில் நிரந்தர அனுமதி வரட்டும் என்றோம், பிறகு கார் கடன் முடியட்டும் என்றோம், பிறகு பாப்பா ஒண்ணாவது முடிக்கட்டும் என்றோம். 2022இல் திரும்பும்போது பாப்பாவுக்கு ஒன்பது வயசு. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. இங்கே நாலாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் ஆறு மாதம் பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். சிநேகிதிகளுக்கு ஜெர்மனில் கடிதம் எழுதி என்னிடம் தபாலில் போடச் சொல்வாள். அந்தக் கவர்களைக் கையில் வாங்கும்போதெல்லாம் பெரிய தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இருக்கும். இப்போது பரவாயில்லை, ஆனால் அந்த ஆறு மாதத்தை நான் மறக்கவில்லை.

அதனால் என் கணக்கில் விசாத் தேதி எல்லாம் இரண்டாவதுங்க. அங்கே ஆறு வயதில் ஒண்ணாவது. உங்கள் பாப்பாவுக்கு நாலு என்கிறீர்கள். திரும்புவதானால் அவள் பள்ளியில் கால் ஊன்றுவதற்குள் திரும்புங்கள், இல்லையென்றால் அவள் படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்துவிடுங்கள். நடுவில் பிடுங்கி நட வேண்டாம்.

இன்னொன்று, அப்பா நிலம். நீங்கள் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதில் தடையில்லை. நாளைக்கு ஜெர்மன் குடியுரிமையே வாங்கி, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் இதே விதிதான். பக்கத்து ஏக்கரை உங்கள் பேரில் வாங்கிச் சேர்க்கலாம் என்று அப்பா ஏதாவது யோசனையில் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கையும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடணும், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.


அடுப்பங்கரை | 2025 பிப்ரவரி 11

கரூர்க்காரி, நான் உங்கள் வீட்டுக்காரர் இடத்தில் நாலு வருடம் இருந்தவள். என் கணவருக்கு வேலை, நான் டிபெண்டன்ட். அதனால் அவர் பக்கம் பேசுகிறேன்.

காலை ஏழரைக்கு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். உங்களுக்கு அலுவலகத்தில் நாலு பேர், ஆங்கிலத்தில் பேச்சு, மாதம் பிறந்தால் சம்பளம். அவருக்கு வீடு, குழந்தை, அஞ்சல்பெட்டி. அந்தப் பெட்டியில் வருவதெல்லாம் மஞ்சள் உறை, ஒன்றுமே புரியாது. ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பதற்குள் நெஞ்சு படபடக்கும். எனக்கு வானொலிக் கட்டணக் கடிதம் வந்தபோது ஏதோ அபராதம் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் எல்லா வீடும் கட்டுவது என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டாரா? 600 மணி மொழி, 100 மணி நாட்டு வரலாறு, சட்டம். குடும்ப விசாவில் வந்தவர்களுக்கு அதில் சேர உரிமை உண்டு. மணிக்கு 2.29 யூரோதான் நம் பங்கு. தனியார் வகுப்பில் இதுபோல் பல மடங்கு. நான் கற்றுக்கொண்ட ஜெர்மனைவிட, காலை எட்டரைக்கு எனக்கும் போக ஓர் இடம் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. என் பக்கத்தில் சிரியாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஊரில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தவர், இங்கே ‘இது மேசை, அது நாற்காலி’ என்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம். இப்போது அவர் டாக்டராக வேலை பார்க்கிறார்.

சமையலறை கட்டாயம் வாங்குங்கள். நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது அவர். குளியலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு யாரும் ‘இது என் வீடு’ என்று நினைக்க முடியாது.


சுண்ணாகத்தான் | 2025 பிப்ரவரி 13

பிள்ளை, உங்கட கடிதம் வாசிச்சனான். எனக்கு இப்ப அறுபத்தாறு வயசு. நான் 1985இல கிழக்கு பெர்லினில வந்திறங்கி, அங்கயிருந்து மேற்குக்கு வந்தனான். அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் கனபேர் அந்த வழியாலதான் வந்தவை. அகதி எண்டு பதிஞ்சபிறகு வேலை செய்ய விடேல்லை. இருந்த மாவட்டத்தை விட்டு வெளியில போறதெண்டா அனுமதிக் கடிதம் வேணும். பக்கத்து நகரத்தில இருந்த தம்பியைப் பார்க்கவும் அதுதான்.

நாங்களும் திரும்பிப் போறதெண்டுதான் இருந்தனாங்கள். இலங்கையில சண்டை முடியும், போகலாம் எண்டு. அதால வீட்டில ஒரு சாமானும் ஒழுங்கா வாங்கேல்லை. சூட்கேசை அலுமாரிக்கு மேல வைக்காமல் கட்டிலுக்குக் கீழ வைச்சனாங்கள், கெதியா எடுக்கலாமெண்டு. கலியாணம் கட்டி, முதல் பிள்ளை பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போற மட்டும் குசினியில ரெண்டு பேர் நிண்டு சமைக்க இடமில்லை. மனிசி ஒருநாள் கேட்டா, “இந்த வீட்டில நான் இன்னும் எத்தினை வருசம் விருந்தாளியா இருக்கிறது?” எண்டு. அடுத்த கிழமை போய்க் குசினி வாங்கினனான். அது 1994.

ஹம் நகரில காமாட்சி அம்பாள் கோயில் இருக்குது. முதல்ல ஒரு வீட்டின்ர நிலவறையிலதான் அம்பாளை வைச்சுக் கும்பிட்டவை. இப்ப கோபுரத்தோட இருக்கிற கோயிலுக்கு 2002இல குடமுழுக்கு நடந்தது. தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். தேர் கோடை காலத்தில, உங்கட மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வாசலில கடலைக்காரன் தொடக்கம் புடவைக் கடை வரைக்கும் எல்லாம் தமிழ்தான். பிள்ளை ஒருக்கா அதைப் பார்க்க வேணும்.

மனுசனுக்குச் சொல்லுங்கோ, அந்தக் கீழ்வீட்டு அம்மா சத்தம் போடாமல் செய்து காட்டினவா எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடி ஒரு அயலவர் கிடைக்கிறது லேசில்லை. ஒருநாள் வடை சுட்டுக் கொண்டுபோய்க் குடுங்கோ, உறைப்பைக் குறைச்சு.


கரூர்க்காரி | 2025 பிப்ரவரி 15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். கட்டிலுக்குக் கீழ் சூட்கேஸ் என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன.

கோவை அண்ணா, நீங்கள் சொன்னது கசப்பாக இருந்தாலும் வேண்டியதாக இருந்தது. மகள் கிண்டர்கார்டனில் சேர்ந்துவிட்டாள், அதைச் சொல்ல விட்டுப்போச்சு. இங்கே குழந்தையை வாசலில் விட்டுவிட்டு வர முடியாது. ஐன்கெவோனுங் என்று முதல் சில வாரம் அப்பாவோ அம்மாவோ கூடவே இருக்கணும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு பத்து நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு அரை மணி, இப்படியே. எனக்கு விடுப்பு இல்லாததால் அவர்தான் போனார். மூன்று வாரம் சின்னக் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அங்கே பிள்ளைகள் பாடும் காலைப் பாட்டு முழுதும் அவருக்கு மனப்பாடம். மகள் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் ‘எனக்கும் வேணும்’. அவர் கற்றுக்கொண்டது ‘இது யாருடைய குல்லா?’. ராத்திரி இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுவார்கள்.

அடுப்பங்கரை அக்கா, மஞ்சள் உறை பற்றி அவரிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்து வைத்தார். பதினான்கு கடிதம். என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சேர்த்துவைத்திருக்கிறார். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் வகுப்புக்கான அனுமதிச் சான்று இருந்தது, ஜனவரியிலேயே வந்திருக்கிறது.

இன்னொரு கேள்வி. அப்பா அம்மாவை இங்கே கூட்டி வர வழி உண்டா? மகள் தினமும் கேட்கிறாள்.


நெக்கார்_கரை | 2025 பிப்ரவரி 16

சுற்றுலா விசா என்றால் 180 நாளில் 90 நாள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. நீங்கள் செலவை ஏற்பதாக இங்குள்ள அலுவலகத்தில் உறுதிப்பத்திரம் வாங்கி அனுப்பணும், அதற்கு 29 யூரோ. மே மாதம் வரச் சொல்லுங்கள், ஜனவரியில் கூட்டி வந்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காதீர்கள்.

நிரந்தரமாக என்றால், 2024 மார்ச் 1க்குப் பிறகு முதல் அனுமதி வாங்கிய திறன் தொழிலாளர்கள் பெற்றோரைக் கூட்டி வரச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள், நான் வரமாட்டேன். ஆனால் சிக்கல் மருத்துவக் காப்பீடு. வயதானவர்களை அரசுக் காப்பீட்டில் சேர்ப்பது நடக்காத காரியம், தனியார் கம்பெனிகள் கேட்கும் தொகை ஒரு சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும். அதோடு கொடிக்காலை விட்டு அப்பா வருவாரா என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். சமையலறை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள், பழைய வேன் ஒன்று இருக்கிறது.


கரூர்க்காரி | 2025 மார்ச் 9, ஞாயிறு

மாட்டிவிட்டோம்!

வீடு காலி செய்த ஒரு பெண்ணிடம் 900 யூரோவுக்குக் கிடைத்தது. அடுப்பு, ஓவன், தொட்டி, ஆறு அலமாரி. நெக்கார்_கரை அண்ணா வேனோடு வந்தார், கழற்றவே ஐந்து மணி நேரம் ஆனது. அண்ணி புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு நடந்ததை எழுதணும் என்றுதான் வந்தேன். எங்கள் மாமனார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். இவர் சின்ன வயதில் விடுமுறை முழுக்க அங்கேதான். அந்தக் கை எனக்குத் தெரியாது, நான் பார்த்ததெல்லாம் சாக்பீஸ் பிடித்த கைதான். சுவர் மூலை நேராக இல்லை, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். மேல்பலகையை வைத்தால் பின்னால் இடைவெளி விழுகிறது. அவர் ஒரு அட்டையைச் சுவரோடு ஒட்டி, பென்சிலை ஒரு சின்னக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, சுவரின் வளைவை அப்படியே அட்டையில் இழுத்தார். அந்தக் கோட்டில் பலகையை அறுத்தார். மறுபடி வைத்தபோது நடுவில் ஒரு தாள் நுழையவில்லை. ரம்பம் கீழ்வீட்டு அம்மா கொடுத்தது. முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தோம், வடை எடுத்துப்போனால் ஆறிவிடும் என்று பயம். பலகையை மாட்டி முடித்ததும் அந்த அம்மாவே மேலே வந்து பார்த்தார், சுவரோரம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். இவர் ஜெர்மனில் பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்றேன். ‘அப்பா கற்றுக் கொடுத்தது’ என்றாராம்.

வகுப்பு மார்ச் 17 ஆரம்பம். எலக்ட்ரீஷியன் 14ஆம் தேதி வருகிறார், அதுவரை இண்டக்‌ஷன்தான். ஆனால் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று ராத்திரி நிமிர்ந்து நின்று குக்கர் கழுவினேன்.

திரும்புவது பற்றி: அடுத்த மார்ச்சில் 21 மாதம் முடிகிறது. அதற்குள் நான் பி1 எழுதணும். அப்போது மகளுக்கு ஐந்தேகால் வயதாகியிருக்கும், பள்ளிக்கு முன்னால் உட்கார்ந்து பேசிவிடுவோம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கிரைண்டரை எடுத்துட்டுப் போகாம போனியே, இப்ப மாவுக்கு என்ன பண்றே?” என்றார். மே மாதம் வரும்போது கையோடு கொண்டு வருகிறாராம்.

அதனால் ஒரு கடைசிக் கேள்வி. நம் ஊர் டேபிள் டாப் கிரைண்டர் இங்கே ஓடுமா? கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்குமா?


அடுப்பங்கரை | 2025 மார்ச் 9

ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாறும், தரைக்கம்பி உள்ள நல்ல அடாப்டர் வாங்குங்கள், மலிவானது சூடாகும். கிரைண்டரை மேல்பலகையில் வைக்காமல் தரையில், வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் தடித்த ரப்பர் பாயின்மேல் வையுங்கள், அதிர்வு கீழே இறங்காது. ஞாயிற்றுக்கிழமை அரைக்காதீர்கள், ராத்திரி பத்துக்கு மேலும் வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை மதியம் ஊறவைத்து மாலை ஆறு மணிக்கு அரைப்பேன். குளிர்காலத்தில் மாவு புளிக்காது, ஓவனை அணைத்துவைத்து உள்ளே விளக்கை மட்டும் போட்டு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

அப்பாவிடம் கல்லைத் தனியாகச் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். என்னுடையது ஓரத்தில் வைத்து விளிம்பு உடைந்துதான் வந்தது.